தொட்டிக்குப் பினாயில்

அன்று மழை விட்டிருந்ததா, தூறிக்கொண்டிருந்ததா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் நிச்சயம்.

செத்த எலி என்றார் அத்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். பரண் பலகை, அலமாரி, சாக்கடை மூடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடைசியில் என் ஷூவுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

அக்காவுக்கு எலி ஒரு பொருட்டே இல்லை. அவள் கவலையெல்லாம் தோட்டத்து நிழலில் இருந்த தொட்டியைப் பற்றித்தான்.

காட்டுக்குள் அபூர்வமாக முளைக்கும் ஆர்க்கிட் அது. வீட்டில் வளருமா என்று பார்க்க, வனத்துறை நர்சரி அதிகாரியம்மா ஒரு கிழங்கைக் கொடுத்திருந்தார். சருகு போட்டு மூட வேண்டும், கிளறவே கூடாது என்பது அவர் உத்தரவு. பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் அக்கா நாள் தவறாமல் சருகு போர்த்தினாள்.

இருந்த ஒரே இலையும் காய்ந்துபோனது.

பூக்காவிட்டால் கிழங்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்று அதிகாரியம்மா வருவதே அதை எடுத்துப் போகத்தான்.

அக்கா காலையிலிருந்து பேசவில்லை. பேச்சில்லாத வீடு எனக்குப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை.

அத்தான் மோப்பம் பிடித்துக்கொண்டே தொட்டியருகே போய் நின்றார்.

“இங்கதான்டா மாப்ள. தொட்டிக்குள்ள பூந்து செத்துக் கெடக்கு.”

பினாயில் பாட்டிலைத் திறந்து சாய்க்கப் போனார்.

அப்போதுதான் அதிகாரியம்மா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவர் மூக்கைப் பொத்தவில்லை. ஆழமாக மூச்சை இழுத்தார். பிறகு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடக்கூடாத ஓட்டமாக ஓடிவந்து அத்தானின் கையைப் பிடித்தார்.

“ஊத்திடாதீங்க சார். எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது ஈயைக் கூப்பிடுது.”

சருகுகளை ஒவ்வொன்றாக விலக்கினார். மண்ணிலிருந்து நேராக, ஒற்றை இலைகூட இல்லாமல், விரலளவுத் தண்டில் பழுப்பு நிறப் பூ ஒன்று தலைகுனிந்து நின்றது.

முதலில் மூக்கிலிருந்து கையை எடுத்தவள் அக்காதான்.

கிழங்கு அவளிடமே இருக்கிறது. இப்போது பல தொட்டிகளாகப் பெருகிவிட்டது. அதிகாரியம்மா ஓய்வு பெற்றுவிட்டார். பூக்கும் வாரத்தில் வந்து தங்கிவிட்டுப் போவார். அத்தான் இன்னும் லிஃப்ட்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். நான் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.