காட்டைக் கேட்பவள்

"வர்ற அதிகாரியோட வாயையே பார்த்துக்கிட்டு இரு. புரியலைன்னா என்னைப் பாரு, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார் கணவர், ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்து.

அவள் தலையாட்டினாள். இரண்டு வருடமாகக் குறைந்துகொண்டே வந்த காது, ஆறு மாதத்துக்கு முன் அடியோடு போய்விட்டது. போன், வாசல் மணி, அக்கம்பக்கத்து வம்பு எல்லாவற்றுக்கும் இப்போது அவர்தான் அவள் காது. இப்படி ஒரு மனிதர் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இருவருக்கும் ஒரே ஆராய்ச்சி. காட்டில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் எந்தெந்தச் செடி சேர்ந்து வளர்கிறது என்று அவர் எண்ணுவார். அதே இடத்தில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து, அங்கே யார் யார் கத்துகிறார்கள் என்று அவள் கணக்கெடுப்பாள். திட்டத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று பார்க்க இன்று அதிகாரி வருகிறார். காட்டைக் கேட்பவளுக்கே காது கேட்காது என்று தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"நானே உண்மையைச் சொல்லிடறேங்க."

"வேண்டாம்மா. நுணலும் தன் வாயால் கெடும்."

"தவளை வாயைத் திறந்தாத்தானே எனக்குப் பொழைப்பு!" என்று சிரித்தாள்.

அதிகாரி வந்தார். மீசை இல்லாதவராக அனுப்பியதற்கு அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள். பையை வைக்க மேஜைக்கடியில் குனிந்து எழுந்தவர், "செடிக் கணக்கு நோட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று கணவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார்.

"எட்டுப் பதிவு போடறேன். என்னன்னு சொல்லுங்கம்மா."

பதிவு ஓடும்போதே அதன் ஒலி வரைபடமும் திரையில் ஓடும். அதுதான் அவள் ரகசியம். அடியில் தடித்த பட்டை என்றால் தவளை. உச்சியில் மெல்லிய கோடு, சில்வண்டு. சாய்ந்த கீறல்கள் பறவை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அதிகாரி கண்ணை மூடி, பாட்டுக் கேட்பவர்போல் தலையாட்டினார். எட்டாவதில் மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

"இது பறவை இல்ல சார். கிளையும் கிளையும் உரசுது."

அவர் விடைத்தாளைப் பார்த்தார். "எல்லாமே சரி. ரெண்டு வருஷம் நீட்டிச்சு எழுதறேன்." அங்கேயே உட்கார்ந்து அறிக்கையை எழுதி, ஒரு பிரதியை நீட்டினார். நோட்டுகளோடு வந்த கணவர் அதை வாங்கிக்கொள்ள, அவள் கைகூப்பினாள். கண் நிறைந்தது.

அவர் போனபின் அவள் கணவரிடம் சொன்னாள்: "எவ்வளவு நல்ல மனுஷன்! அவரைப் போய் ஏமாத்திட்டோமே."

கணவர் அறிக்கையைப் படித்து முடித்தார். பிறகு அதை அவள் கையில் கொடுத்தார்.

'செவித்திறன் இல்லாதவர் இப்பணியைச் செய்ய இயலாது என்று வந்த புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது. சோதனை முழுவதும் ஸ்பீக்கர் ஒயரை நான் பிடுங்கி வைத்திருந்தேன்.'