ஏதோ ஒரு குண்டன்

"அந்தப் பனிப்புயல்ல உங்க வண்டி ஒன்பது மணி நேரம் மாட்டிக்கிச்சு, இல்லையா எமில்?" என்றார் டெல்மர்.

எமில் முட்கரண்டியைத் தட்டில் போட்டார்.

"ஒன்பதா? முப்பத்தோரு மணி நேரம்யா. ஜன்னல் வரைக்கும் பனி. ஹீட்டர் கிடையாது. உனக்கெல்லாம் எவன்யா பல் டாக்டர் பட்டம் கொடுத்தான்?"

"நீராவி என்ஜின்தானே அது?"

"டீசல்யா, மடையா."

"தனியாவா இருந்தீங்க?"

"கார்டு ஒருத்தன் இருந்தான். என் ரெண்டு சாண்ட்விச்சையும் தின்னுட்டான். அவன் பேரு..." எமில் கொஞ்சம் தேடிப் பார்த்தார். பிறகு கையை விசிறினார். "ஏதோ ஒரு குண்டன்."

நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அந்தக் குண்டன் பான்கேக் தட்டைத் தள்ளி வைத்தார். பெயர் ரோலண்ட். எமில் டிரைவராகவும் இவர் கார்டாகவும் பதினெட்டு வருஷம் ஒரே சரக்கு ரயிலில் நெப்ராஸ்கா மாநிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தவர்கள். இப்போது எமிலுக்கு எண்பத்தாறு வயது. ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இவரையே பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ரோலண்ட் அவர் பக்கத்தில் உட்காருவதில்லை.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலையில், தண்டவாளத்தை ஒட்டிய நெல்டா ஓட்டலில் இந்தக் கூட்டம் கூடும். பாதிப் பேர் ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் கேமராவும் நோட்டுமாக ரயிலை வேடிக்கை பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள். ரயிலைக் கண்டதும் வாயில் நுரை தள்ளும் ஜாதி என்பதால், 'நுரைதள்ளிகள்' என்று அவர்களுக்குப் பெயர்.

டெல்மர் அப்படி ஒரு நுரைதள்ளி. வேலையில் இருந்த காலத்தில் பல் டாக்டர்.

"இந்த ஆளை இன்னிக்கே வெளியே அனுப்பறோம்," என்றார் ரோலண்ட், பக்கத்திலிருந்த சிக்னல்காரர் ஹார்லனிடம். "ஆரம்பத்துல கொஞ்சம் விவரமாத்தான் இருந்தான். இப்ப வாயைத் திறந்தா தப்பு. எமிலுக்கு ரத்தக்கொதிப்பை ஏத்திவிட்டே கொன்னுடுவான். காபி முடிஞ்சதும் எல்லாரும் கை தூக்குங்க."

"என் பல்செட்டே அவன் செஞ்சு கொடுத்ததுய்யா."

"அப்ப கையை மட்டும் தூக்கு. வாயைத் திறக்காதே."

எமிலின் மனைவி வில்மா வெளியே காரில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். அவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் சுலபம் என்று ரோலண்ட் எழுந்து போனார்.

"வில்மா, கொஞ்சம் உள்ளே வாங்க. அந்தப் பல் டாக்டரைத் துரத்தப் போறோம்."

வில்மாவின் கை நின்றது. "ஒன்பது மணி நேரம்னு சொன்னாரா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து போன் பண்ணி, எத்தனை மணி நேரம்னு கேட்டார். முப்பத்தொண்ணுன்னு சொன்னேன். சரியாத் தெரிஞ்சாத்தானே தப்பாச் சொல்ல முடியும்?"

ரோலண்ட் கார் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"வீட்ல எமில் பேசறதே இல்லை, ரோலண்ட். மாசம் பூரா ஒரு வார்த்தை கிடையாது. நான் யாருன்னும் தெரியாது. ஒருநாள் டெல்மர் நிஜமாவே எதையோ மாத்திச் சொல்லப்போய், இவர் கத்தினாரு பாருங்க. அதைப் பிடிச்சுக்கிட்டார் அந்த மனுஷன். இங்கேருந்து வீட்டுக்கு நாற்பது மைல். வழி முழுக்க, 'அந்தப் பல் டாக்டர் ஒரு மடையன், வில்மா'ன்னு திட்டிக்கிட்டே வருவார். என் பேரைச் சொல்லி. அதனாலதான் நான் மெதுவா ஓட்டறேன்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"வீட்டுப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்று வில்மா மறுபடி பின்ன ஆரம்பித்தார்.

ரோலண்ட் உள்ளே நுழைந்தபோது சரக்கு ரயில் ஒன்று ஓட்டலையே ஆட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வேலை பார்த்த கிழவர்கள் எல்லாம் ஜன்னலோரம் நின்று, சக்கர அச்சு சூடேறி எங்காவது புகை வருகிறதா என்று பார்த்தார்கள். சம்பளம் நின்றாலும் இந்தப் பழக்கம் நிற்காது. நுரைதள்ளிகள் நாற்காலி மேல் ஏறிப் படம் எடுத்தார்கள். டெல்மரின் கேமரா மட்டும் மேஜையில் கிடந்தது. அவர் எமிலின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரயில் போனதும் எல்லோரும் திரும்பினார்கள். எமிலுக்குப் பக்கத்தில், டெல்மரின் நாற்காலியில் ரோலண்ட் உட்கார்ந்திருந்தார்.

"கை தூக்கலாமா?" என்றார் ஹார்லன்.

"சும்மா கிடய்யா."

எமில் வந்து உட்கார்ந்தார். அதற்குள் முகம் அணைந்துவிட்டது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோலண்ட் தொண்டையைச் செருமினார். நாற்பத்தோரு வருஷ சர்வீஸில் ரயில் நேரத்தை ஒரு நிமிஷம்கூடத் தப்பாக எழுதாத கார்டு அவர். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

"டெல்மர் சொன்னது சரிதான், எமில்," என்றார் உரக்க. "ஒன்பது மணி நேரம்தான். நீராவி என்ஜின்தான். அந்தக் கார்டு உங்க மீன் சாண்ட்விச்சைத் தொடவே இல்லை."

ஹார்லனின் பல்செட் கீழே விழப் பார்த்தது.

எமிலின் காது சிவந்தது. மெதுவாகத் திரும்பி ரோலண்டை மேலும் கீழும் பார்த்தார்.

"மீனா? மாட்டுக்கறிடா, மடையா. கூடவே உட்கார்ந்து ரெண்டையும் தின்னுட்டு, இப்பத் தொடவே இல்லையா?" மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "உனக்கு வெக்கமா இல்லே, ரோலண்ட்?"