கயிறு கிடந்த இடம்

கபடியில் தன் காலைப் பிடித்து மடக்கிய பூவேந்தனின் வலது கையை, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே மணிக்கட்டோடு வெட்டியவன் இளஞ்சிறார் நீதிமன்றத்தில் நின்றான். பதினேழு வயது. கூர்நோக்கு இல்லத்தில் சேர்த்த அன்றே அவனுடைய சாதிக் கயிற்றை அறுத்துவிட்டிருந்தார்கள். அது கிடந்த இடம் மட்டும் மணிக்கட்டைச் சுற்றி வளையமாய் வெளுத்திருந்தது. பூவேந்தனின் அம்மா செல்லக்கனி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகனின் கை இப்போது அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

“இவனுக்கு எவ்வளவு காலம் குடுக்கலாம்னு நெனைக்கிறீங்க? மனசுல உள்ளத சொல்லுங்கம்மா” என்றார் பெண் நீதிபதி.

“அந்த வெள்ளத் தடம் மங்குற வரைக்கும் உள்ள வச்சிருங்கம்மா. போதும்.”

“அது வெயில் பட்டா ஒரு மாசத்துல மங்கிருமே.”

பையன், குனிந்த தலை நிமிராமல், இன்னொரு கையால் அந்த இடத்தை இறுகப் பொத்திக்கொண்டான்.