பரிசோதித்தவர் எண்

தலையில் நீலத் தொப்பி, உடம்பில் வெள்ளை அங்கி. திருநாவுக்கரசு அந்தச் சின்னப் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக நெற்றி விபூதியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பொருள் கையில் இருக்கும்போது தூசி ஆகாது.

"வச்ச விபூதியை எதுக்கு அழிச்சீங்க?" என்றாள் மனைவி ரமணி. "இது உங்க ஃபேக்டரி இல்ல, ஆஸ்பத்திரி லா. இன்னிக்கு நீங்க பேஷண்ட்."

 அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தது எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு மிஷின். ஒரு தலைமுடியை எண்பதாயிரம் கீற்றாகக் கீறினால் என்ன கனம் வருமோ, அந்தக் கணக்கில் அளந்து செய்தது. இதயத்தின் ரத்தக் குழாயில் உட்கார்ந்துகொண்டு, ஆள் மயங்கி விழுவதற்கு முன்பே டாக்டருக்குச் சொல்லிவிடும்.

போன மாதம் கெலுகோர் பஸ் நிறுத்தத்தில் சரிந்து விழுந்த திருநாவுக்கரசுக்கு அது தேவைதான். ஆனால் அதைச் செய்வது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்க்கும் அதே ஃபேக்டரி. தகராறு அங்கேதான் ஆரம்பித்தது.

"ஒரு சைன் போடுங்க அங்கிள்," டாக்டர் ஷர்மினி சம்மதப் பாரத்தை நீட்டினார். "இன்னிக்கு விட்டா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் உங்க ஹார்ட் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

"டாக்டர், இருபத்திரண்டு வருஷமா மனுஷன்கிட்டயிருந்து மிஷினைக் காப்பாத்தறதுதான் என் வேலை. பவுடர் போட்டு வந்தா உள்ள விடமாட்டோம். வாசனை தடவினா விடமாட்டோம். நீங்க என்னடான்னா, அந்த மிஷினை மனுஷனுக்கு உள்ளேயே போடறேங்கறீங்க."

"இன்னும் பத்து வருஷத்துல ரத்தத்தோட சேர்ந்து ஓடற மிஷினே வந்துடும் அங்கிள். அப்புறம் மனுஷன் எது, மிஷின் எதுன்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது."

"இவரு இப்பவே அப்படித்தான் டாக்டர்," என்றாள் ரமணி. "இத்தனை வருஷத்துல உடம்பு சரியில்லன்னு ஒரு எம்.சி. லீவு எடுத்ததில்ல. இந்தத் தைப்பூசத்துக்கு ராத்திரி பூரா தண்ணீர்ப் பந்தல்ல நின்னு மோர் ஊத்தினாரு. மறுநாள் காலையில கம்பெனி பஸ்ல தூங்கிட்டு, ஏர்போர்ட் தாண்டி எங்கயோ போய் இறங்கினாரு. அங்கிருந்து நடந்தே வேலைக்குப் போயிருக்காரு."

"வேலைக்குப் போனேனா இல்லையா?" என்றார் திருநாவுக்கரசு பெருமையாக.

ஷர்மினி சிரிப்பை அடக்கிக்கொண்டு பாரத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "இப்ப உங்களுக்கு என்னதான் தெரியணும்?"

"இதை யார் பாத்து பாஸ் பண்ணினாங்கன்னு தெரியணும். எங்க செக்‌ஷன்ல பாக்கற ஆளு ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு மோகனராஜ்."

"அந்தத் தம்பிக்கு என்ன குறை?" என்றாள் ரமணி. "நம்ம வீட்டுக்கு வந்தா வாய் நிறைய அக்கா அக்காங்குது."

"வாயி நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் சரியில்ல. லென்ஸ் முன்னாடி உக்காந்து கொட்டாவி விடறான். ஒரு நாள் எழுப்பி வீட்டுக்கே அனுப்பிட்டேன். தூக்கம் கெட்ட கண்ணுக்குக் கீறல் எது, நிழல் எதுன்னு தெரியாது டாக்டர். அவன் பாத்த பெட்டின்னா எனக்கு வேண்டாம். மூணு மாசம் காத்திருக்கேன்."

"மூணு மாசம் நீங்க இருக்கணுமே," என்றாள் ரமணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முந்தானை நுனி அவள் விரலில் இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது.

 திருநாவுக்கரசு பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பெட்டி ஓரத்துல பரிசோதித்தவர் எண் போட்டிருக்கும்," என்று கடைசியில் அவரே சொன்னார். "கண்ணாடியை நர்ஸ் வாங்கிட்டுப் போயிட்டா. நீயே படி."

ரமணி பெட்டியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். "நாலு... நாலு... ஒண்ணு... ஏழு." சட்டென்று நிமிர்ந்தாள். "ஏங்க, இது உங்க நம்பரு. தினம் நான் சட்டையில குத்தி விடற பேட்ஜ்ல இருக்கிற நம்பரு."

திருநாவுக்கரசின் முகம் மெல்ல மலர்ந்தது. படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம் என்ன அங்கிள்," என்றார் ஷர்மினி. "உங்க கண்ணாலேயே பாத்து அனுப்பினது உங்க நெஞ்சுக்குள்ள போகுது. இந்த யோகம் யாருக்குக் கிடைக்கும்?"

"என்கிட்ட வந்த பொருள்ல பழுது இருந்தா வாசலைத் தாண்டாது டாக்டர்." பேனாவை வாங்கிப் பாரத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். முதல் எழுத்தைப் போட்டார். பழக்கம் விடவில்லை. "பாஸ் பண்ணின தேதியையும் பாத்துரு ரமணி."

"பிப்ரவரி பன்னெண்டு."

பேனா நின்றது.

ரமணியும் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். தைப்பூசம் பதினொன்றாம் தேதி. புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விமான நிலையத்தைத் தாண்டி, செருப்பில் மோர்க் கறையோடு, அரைக்கண் மூடி நடந்து வந்த ஒரு மனிதர் இருவர் கண்ணிலும் தெரிந்தார்.

திருநாவுக்கரசு பேனாவை மெதுவாக மூடினார்.

"டாக்டர், மோகனராஜ் பாத்த பெட்டி ஏதாச்சும் இருக்கா?"