கடல் பார்த்த ஜன்னல்

“மறுபடியும் சிவப்புதான்,” என்றார் லாம்ப்ரோஸ், கணினித் திரைக்குள்ளிருந்து. “ஜூன் மாசம், மத்தியானம் மூணு மணி, முப்பத்தொன்பது டிகிரி. குழந்தைங்க தூங்கற கூடம்னு எழுதியிருக்கீங்க. ரொட்டி சுடற கூடம்னு மாத்திட்டா பாஸ் பண்ணிடலாம்.”

எவாந்தியா, ஐஸ் கரைந்து தண்ணீராகிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

கீமி ஊருக்கு ஒரு புதிய பாலர் பள்ளி. தீயணைப்பு நிலையத்துக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் அறையில்தான் இதுநாள்வரை பள்ளி நடந்து வந்தது. புதுக் கட்டடத்தை வரையும் பொறுப்பேற்ற எவாந்தியா போய்ப் பார்த்தபோது, பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் காகிதத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பன்மார் பாதிப் பேர் மீன் பிடிக்கப் போகிறவர்கள். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். புதுக் கட்டடத்தில் ஒரு சுவர் முழுக்க ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கடல். படகு திரும்புவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

நகராட்சி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. முதல் வரைபடத்திலேயே கட்டடத்தைக் கணினியில் கட்டி, வெயில், வெளிச்சம், காற்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஏ.சி. இல்லாமலே எல்லா அறையும் பச்சை காட்ட வேண்டும். அந்தச் சோதனைக்கு நியமிக்கப்பட்டவர்தான் லாம்ப்ரோஸ். நாட்டின் மறு ஓரத்தில், மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெவேசாவில் இருந்தார். கீமி பக்கம் அவர் வந்ததே இல்லை. எவாந்தியா அனுப்பியது கையால் போட்ட ஒரே ஒரு தாள். அந்த ஊரில் எல்லாரும் போடுவதுபோல, திசை எதுவும் குறிக்காமல், கீழே ‘கடல்’, மேலே ‘மலை’ என்று எழுதியிருந்தாள். நடுவில் கட்டடம்.

முதல் சோதனையிலேயே கடல் ஜன்னல் சிவந்தது. ஜன்னலுக்கு மேல் ஒரு கை நீளத்துக்கு மறைப்பு வைத்தாள். சிவப்பு. இரண்டு கை நீளம் வைத்தாள். வெயில் அடியில் புகுந்து வருகிறதே, மறைப்பு என்ன செய்யும் என்று கேட்டார் லாம்ப்ரோஸ். நிழலுக்கு முசுக்கொட்டை மரம் நட்டாள். மரம் வளர்வதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள் என்றார். ஜன்னலுக்குக் குறுக்கே மரச்சட்டம் அடித்தாள். அப்போதும் சிவப்பு, என்ன, கொஞ்சம் வெளிறிய சிவப்பு.

நேற்று, கோபத்தில், தன் கைபேசியிலிருந்து ஒரு படத்தை அவருக்கு அனுப்பினாள். நீந்தப் போனபோது எடுத்தது. கடலின் விளிம்பில் சூரியன், அதன் எதிரே கறுப்பாக இரண்டு படகு. ‘நீங்கள் அடைக்கச் சொல்வது இதைத்தான்’ என்று கீழே எழுதியிருந்தாள். அதற்கும் பதில் வரவில்லை.

“லாம்ப்ரோஸ், ஒண்ணு கேக்கறேன். என் ஆபீசும் கடலைப் பார்த்துதான் இருக்கு. மத்தியானத்துல நான் காத்தாடிகூடப் போடறதில்ல. அதுக்கு உங்க கணினி என்ன சொல்லும்?”

“உங்களுக்குப் பழகிப்போச்சுன்னு சொல்லும்.”

“எனக்கு வேர்க்கவே இல்லைய்யா.”

“உங்க தோலை நான் அறிக்கையில சேர்க்க முடியாதும்மா. எண்தான் சேர்க்க முடியும்.”

அவளுக்கு மேசையைப் புரட்டிப் போடலாம்போல் இருந்தது. ஆனால் அந்த மனிதர் கெட்டவரில்லை. ஒவ்வொரு முறையும் பொறுமையாக ஓட்டினார், ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

மணி ஒன்று இருபது. இரண்டு மணிக்கு நகராட்சி கதவைச் சாத்திவிடும். பச்சை இல்லாத வரைபடத்தை வாங்கவே மாட்டார்கள். பள்ளி இன்னும் இரண்டு வருஷம் தீயணைப்பு நிலையத்துக்கு அடியிலேயே கிடக்கும். ஜன்னல் போனால் போகிறது, சுவரில் கடலை வரைந்துகொள்ளலாமே என்று மேயர் காலையில் தொலைபேசியில் யோசனை சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

எவாந்தியா ஜன்னலை அழித்தாள். அந்த இடத்தில் ஒரு சுவரை இழுத்தாள். கடல் பக்கம் முழுக்கக் கல்.

“ஓட்டுங்க.”

நாலு நிமிஷம் ஆனது.

“பச்சை,” என்றார் அவர். குரலில் சந்தோஷம் இல்லை. “எல்லா அறையும்.”

“வாழ்த்துகள். இனிமே பிள்ளைங்க சுவரைப் பார்த்துட்டே சாப்பிடட்டும்.” வரைபடத்தை மின்னஞ்சலில் சேர்த்தாள். ‘அனுப்பு’ என்ற இடத்துக்கு மேல் விரலைக் கொண்டுபோனாள்.

“இருங்க, ஒரு நிமிஷம்,” என்றார் லாம்ப்ரோஸ். “நேத்து அனுப்பின படத்தை இப்பதான் திறந்து பார்க்கறேன். உங்க கோபம் எனக்கு இப்பதான் புரியுது. எங்க ஊர்லயும் இதே மாதிரிதான். சாயங்காலமானா எல்லாரும் கரைக்கு வந்துடுவோம். இப்படி ஒரு அஸ்தமனத்தைச் சுவர் வெச்சு மறைக்க யாருக்குத்தான் மனசு வரும்?”

அவள் விரல் அப்படியே நின்றது.

“அதை நான் காலைல ஆறு மணிக்கு எடுத்தேன், லாம்ப்ரோஸ்,” என்றாள் மெதுவாக. “எங்க ஊர்ல சூரியன் கடல்லேர்ந்துதான் எழும்பும்.”