குளிர் குறையாமல்

இன்றைக்கும் வெயில் வராவிட்டால் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

மேனகா ஏணியில் நின்றபடி வானத்தைப் பார்த்தாள். பள்ளங்கி மலைக்கிராமமே மூடுபனிக்குள் கிடந்தது. தகரக் கூரையில் இருந்த சோலார் பலகையின் ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"பனியத் தொடச்சா வெயிலு வந்துருமா தங்கச்சி? வெரசா எறங்குங்க. வழுக்கி விழுந்தா உங்கள ரிப்பேர் பாக்க எனக்குத் தெரியாது."

நல்லுசாமி. பெருமாள்மலை மெக்கானிக். அவள் மகள் சண்முகப்பிரியாவின் ஊசி மருந்துக்காகப் பலகையும் குட்டி ஃப்ரிட்ஜும் மாட்டிக் கொடுத்தவர். அதன்பிறகு இப்போதுதான் வருகிறார்.

உள்ளே வந்து பேட்டரியைச் சோதித்தார். முகம் சுருங்கியது.

"நாளைக்கும் மூட்டமா இருந்தா ஃப்ரிட்ஜுப் பெட்டி நின்னுரும். டிவி ஓடுதா?"

"இல்லண்ணே. லைட்டுகூடப் போடுறதில்ல. போனக் கடையில குடுத்துத்தான் சார்ஜ் ஏத்துறேன்."

"பெட்டியச் செவத்தவிட்டுத் தள்ளித்தான் வச்சிருக்கீங்க. பரவால்ல, நான் சொன்னத மறக்கல."

"காலி எடத்துல தண்ணி பாட்டிலும் அடுக்கிட்டேன். குளுரு தங்கும்னு சொன்னீங்கள்ல?"

"கெட்டிக்காரிதான். பாப்பா எங்க, ஸ்கூலுக்கா?"

"டீ போடவாண்ணே?"

அவர் குனிந்து ஃப்ரிட்ஜின் குமிழைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அதான பாத்தேன்! கடைசி வரைக்கும் முறுக்கி வச்சிருக்கீங்க. ஊசி மருந்துக்கு லேசான குளுரு போதும்மா. இந்த ஊருல ஐஸ் எதுக்கு, குச்சி ஐஸ் விக்கப் போறீங்களா?"

குமிழைக் குறைத்தார். "இப்படியே விட்டா பேட்டரி தாங்கும். பாப்பா மருந்துல்ல முக்கியம். இனிமே இதத் தொடாதீங்க, என்ன?"

ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியது. மேனகா குமிழையே பார்த்தாள். இந்த முனகலைக் கேட்டுக்கொண்டுதான் அவள் தூங்குகிறாள். நடுவில் அது நின்றால் தூக்கமும் நின்றுவிடும்.

"மருந்த எங்க வச்சிருக்கீங்க? ஐஸுக்குப் பக்கத்துல வச்சா உறைஞ்சு வீணாயிரும்" என்றபடி அவர் கதவைத் திறந்தார்.

மருந்து ஒன்றுகூட இல்லை. வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். மேலே ஐஸ் அறையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஆலங்கட்டிகள்.

"சித்திர மழையில சண்முகப்பிரியா பொறுக்கி வச்சது" என்றாள் மேனகா. "அன்னிக்கே மூச்சு வாங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப, 'நான் வந்து பாக்குற வரைக்கும் உருக விட்டுராதம்மா'ன்னு சொன்னா. நான் மட்டுந்தாண்ணே திரும்பி வந்தேன்."

கதவை மெல்லச் சாத்தி, குமிழைப் பழையபடி கடைசி வரைக்கும் திருப்பினாள்.

"இது இப்படியே இருக்கட்டும்ணே."