அவள் உட்காரும் பக்கம்

முன்பக்கம் கடகடவென்று அடிக்கும் காரைப் பட்டறையில் நிறுத்திவிட்டு, அந்த ஆள் மெக்கானிக்கிடம் அதே நக்கலை இரண்டாம் தடவையாக அவிழ்த்துவிடுகிறான்: “எங்க வீட்டம்மா உக்கார்ற பக்கம் பாருங்க. ஷாக் அப்சார்பர் எப்பவோ செத்திருக்கும்.” மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள். வண்டியில் எது போனாலும் இந்த மாதிரி ஆசாமிகளுக்குப் பெண்டாட்டி தலையில்தான் வந்து விடிய வேண்டும். இவனுக்கெல்லாம் பதில் ஒரு கேடா என்று, வெயிலில் பளபளக்கும் பானெட்டை அவள் பக்கத்து மூலையில் அமுக்கி விடுகிறார் மெக்கானிக். ஒரே ஒருமுறை எழும்பி, கப்சிப்பென்று நிற்கிறது. சுற்றி வந்து ஸ்டியரிங் பக்கம் அமுக்குகிறார். அங்கே சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் கசிந்து புழுதி அப்பிக் கிடக்கிறது. “செத்தது இதுதான் சார். நீங்க உக்கார்ற பக்கம்.” ஜிப் சத்தம் நிற்கிறது. கையை எடுத்த பிறகும் கார் அவன் முகத்துக்கு நேரே ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருக்கிறது.